பிரிஜிட் வைத்திருந்த பெயர்

செலினா மூன்றாவது பிள்ளையைப் பெற்றெடுத்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. மூத்தவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். இரண்டாமவளுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டது. இனிமேல் யாரும் இல்லை என்று தொட்டிலைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்த பிறகு வந்த பெண் குழந்தை அது. மலாக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வந்த நாத்தனார் பிரிஜிட்டிடம் அவள் அலுத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, இந்த வயசுல எனக்கு எதுக்கு இது? பெரியவன் கூட்டாளிங்க எல்லாம் சிரிப்பானுங்க. வெக்கமா இருக்கு லா."

பிரிஜிட்டும் சிரித்தாள். கொண்டுவந்த பூண்டுக் குழம்பை ஊற்றி, சோற்றைப் பிசைந்து, தட்டைச் செலினாவின் மடியில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கினாள். காது மடல் அப்படியே தம்பி டாரியஸின் காது. தம்பிக்கு அந்தக் காது அம்மாவிடமிருந்து வந்தது. தனக்கும் அதே காதுதான். எனக்குப் பிறந்திருந்தாலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. வேண்டாம் என்கிறவள் மடியில் கொண்டுபோய்ப் போடுகிறாரே ஆண்டவர் என்று அடுத்த நினைப்பு வந்தது. யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிரிஜிட் பிறந்தது தோட்டத்தில். ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அவர்கள் குடும்பம் பாயா ரும்புட் பக்கம் வந்தது. ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. இப்போது செங் என்கிற ஊரில் ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போடுகிறாள். கணவர் செபாஸ்டியன், சிமெண்டும் இரும்புக் கம்பியும் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை.

கோயில் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள் வேலை. சம்பளத்துக்கு அல்ல, ஆண்டவருக்கு. இன்னொன்றும் செய்வாள். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்து, நெஞ்சுப் பக்கத்தில் வெள்ளை நூலாலேயே பெயரைப் பின்னிக் கொடுப்பாள். வெள்ளைமேல் வெள்ளை என்பதால் தூரத்தில் தெரியாது, கையால் தடவினால்தான் எழுத்துத் தட்டுப்படும். ஊரார் பிள்ளைகளின் பெயரைத் தைக்கும்போது ஒவ்வொரு முறையும் குண்டூசி குத்தினாற்போல ஒரு வலி வரும். அந்தப் பிள்ளைக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வாள், போய்விடும். அப்படித்தான் இத்தனை வருடமும் சமாளித்து வந்தாள்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு டாரியஸ் அக்காவைத் தேடி வந்தான். "அக்கா, நீதான் ஞானத்தாயா நிக்கணும். வேற யாரையும் கேக்கல."

அவர்கள் வீட்டில் ஞானத்தாய்க்கு ஒரு மரியாதை உண்டு. தோட்டத்தில் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்த காலத்தில் தொடங்கிய பழக்கம். ஞானத்தாய்தான் குழந்தையைச் சுமந்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் போக வேண்டும். பெற்றவள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். என்ன பெயர் என்று சாமியார் கேட்கும்போது ஞானத்தாய் வாயால்தான் பெயர் வெளியே வர வேண்டும். அதுவரை யாரும் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வெறும் 'பாப்பா'தான். பதிவு இலாகாவுக்குக்கூட ஞானஸ்நானம் முடிந்த கையோடு போகலாம் என்று டாரியஸ் நிறுத்தி வைத்திருந்தான்.

பிரிஜிட்டுக்கு உள்ளுக்குள் மழை பெய்தது. அந்த வாரமே வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். குழந்தையைத் தொடை மேல் போட்டு அளவெடுத்தாள்.

"பேரு என்ன, சொல்லு. தைக்கணும்ல?"

செலினா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும்தான் அண்ணி. டாரியஸோட அத்தைங்க யாருக்கும் சொல்லாதீங்க." காதருகே குனிந்தாள். "பெலிக்ஸ்."

பிரிஜிட்டின் கையிலிருந்த அளவு நாடா நழுவிக் குழந்தையின் வயிற்றில் விழுந்தது.

அந்தப் பெயர் அவளுடையது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை பிரிஜிட் முழுகாமல் இருந்தாள். ஆண் வேண்டும், பெண் வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்பதே பேராசை என்று அவளுக்குப் பட்டது. எது கொடுத்தாலும் பொருந்துகிற ஒரு பெயரை முன்கூட்டியே வைத்துவிட்டால், தான் எதையும் ஆசைப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? அப்போதிருந்த வயதான பங்குச் சாமியாரிடம் போய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் இருக்கிற பெயர் உண்டா என்று கேட்டாள். அவர்தான் பெலிக்ஸ் என்றார். லத்தீன் சொல், சந்தோஷம் என்று அர்த்தம், ஆணா பெண்ணா என்று கேட்காத சொல் என்றார். அவளும் செபாஸ்டியனும் வயிற்றைத் தடவி அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்தாம் மாதம் எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

பிள்ளை போனாலும் பெயர் அவளிடம் இருந்தது. அதன் பிறகு அதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். செலினா புது மருமகளாக வந்திருந்த சமயம், இருவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மனசு தாங்காமல் சொன்னாள். அன்றைக்குக் கொடுத்ததை இன்றைக்கு எடுத்துக்கொண்டாள் பார், என்று நினைத்தபோது வயிறு பற்றி எரிந்தது.

ஏற்கெனவே இரண்டு பெற்றவள். மூன்றாவதையும் பெற்றுவிட்டாள். அதுவும் போதவில்லையா?

சட்டையைத் தைத்தாள். கழுத்தில் கொசுவம் வைத்தாள், கைக்கு லேஸ் வைத்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில் ஊசி போகவில்லை. மூன்று தரம் நூலைக் கோத்துவிட்டு உருவிப் போட்டாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி வேலிக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே இதைக் கவனித்துவிட்டாள்.

"என்னக்கா, சட்டைய வெச்சுக்கிட்டு சண்ட போடுறீங்க?"

பிரிஜிட் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னாள். மலர்க்கொடி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஞானஸ்நானமெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் நாத்தனார் சங்கதி எந்தச் சாமி வீட்டிலும் ஒன்றுதான் என்பது தெரியும்.

"பேரு என்னக்கா, கார் நம்பரா? ஒருத்தர் வெச்சா இன்னொருத்தர் வெக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? நம்ம தாமான் வீடுங்கள்லயே பவன்னு பேரு வெச்ச பசங்க நாலு பேரு ஓடுறானுங்க."

"உனக்குப் புரியாது மலரு."

"புரியுது லா. வயிறு எரியுதுன்னு சொல்லிட்டுப் போங்க, நான் ஒண்ணும் உங்க சாமியார்கிட்ட சொல்ல மாட்டேன்." கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள். "அப்படிப் புடிக்கலன்னா வேற பேரச் சொல்லிடுங்க. மைக்கு உங்க கையிலதானே?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பிரிஜிட்டுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆமாம், என் வாயால்தானே வெளியே வர வேண்டும்? இறந்துபோன அம்மாவின் பெயர் தெரேசா. தெரேசா என்று சொல்லிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? டாரியஸ் அழுதே விடுவான், அத்தனை ஆசை அவனுக்கு அம்மாமேல். செலினா வாயைத் திறக்க முடியாது. கெட்ட பெயரும் வராது. இந்த யோசனை இவ்வளவு ஒழுங்காக வந்து நின்றதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

அதைச் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்று பார்த்தாள். பீடத் துணிகளைக் கொடுக்கப் போனபோது பீடத்துக்குப் பின்னால் சாக்கிறிஸ்தி அறையில் ஃபாதர் தனியாக இருந்தார். இவர் புதியவர், இளவயது. பழைய சாமியாருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமல், பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பதில் தெரிந்திருந்தும் கேட்டாள்.

"ஃபாதர், பெலிக்ஸ்னு பொம்பளப் புள்ளைக்கு வெக்கலாமா? அது ஆம்பளப் பேரு இல்ல?"

ஃபாதரின் முகம் மலர்ந்துவிட்டது. "வெக்கலாம் ஆண்ட்டி! மொதல்ல அது பேரே இல்ல. லத்தீன்ல அது பெயரடை. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, நல்ல, பெரிய, அந்த மாதிரி."

"ஆமா, படிச்சது."

"லத்தீன்ல பெயரடைக்கு வால் உண்டு. நல்லவன்னு சொன்னா போனுஸ். அதே பொம்பளைக்குன்னா போனா. ஒரு பொருளுக்குன்னா போனும். ஆளப் பாத்து வால மாத்தணும். செமினரில இந்த வாலப் புடிச்சுக்கிட்டே எங்களுக்கு உயிர் போயிடும். ஆனா பெலிக்ஸ் அப்படி இல்ல. ஆம்பள, பொம்பள, பொருள், மூணுக்கும் பெலிக்ஸ்தான். நம்ம தமிழ் மாதிரியே. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மரம்னு சொல்றோம். 'நல்ல' மாறுதா?"

"அப்போ மாறவே மாறாதா ஃபாதர்?"

"மாறும். அவள, அவளுக்கு, அவளோடன்னு வேற்றுமை வரும்போது மாறும். பெலீச்செம், பெலீச்சி, பெலீச்சிஸ். ஆனா எழுவாயா நிக்கும்போது நீ ஆணா பொண்ணான்னு கேக்காது."

ஆக, அந்த வழி அடைபட்டது. கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஃபாதர் உற்சாகத்தில் இருந்தார். "சந்தோசம்னுதான் எல்லாரும் அர்த்தம் சொல்லுவாங்க. அதுக்கு முன்னால ஒரு அர்த்தம் இருக்கு, தெரியுமா ஆண்ட்டி? காய்க்கிறதுன்னு. நல்லாப் பலன் குடுக்கிற மரத்த பெலிக்ஸ்னு சொன்னாங்க. அதிர்ஷ்டம், சந்தோசம் எல்லாம் அப்புறம் வந்தது."

பிரிஜிட் கையிலிருந்த துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். "காய்க்காத மரத்துக்கு?"

"அதுக்கு முன்னால ஒரு 'இன்' சேர்த்துக்குவாங்க. இன்பெலிக்ஸ்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிட்டார். "ஆண்ட்டி, நான் அந்த அர்த்தத்துல..."

"பரவால்ல ஃபாதர். துணியெல்லாம் ஈரமில்லாம இருக்கு, அலமாரில வெச்சிடலாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கவேயில்லை. தோட்டத்து ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது. பாலுக்காக மட்டும் வைத்த மரம், உடம்பெல்லாம் கத்திக் கீறல், அதுகூட வெயில் காலத்தில் படீர் படீர் என்று காய் வெடிக்கும். செலினா காய்க்கிற மரம். பெலிக்ஸ் என்கிற சொல்லே அவளுக்குத்தான் சொந்தம். பிள்ளையும் அவளுக்கு, சொல்லும் அவளுக்கு. எனக்கு அந்த 'இன்' போதும்.

மறுநாள் வேலை முடிந்து தம்பி வீட்டுக்குப் போனாள். செலினா அடுக்களைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அந்த ஈரத்தைப் பார்க்காமல் இருக்க பிரிஜிட் சுவர்க் காலண்டரைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தப் பேர யாரு யோசிச்சது?"

"யாரு, நம்ம செபாஸ்டியன் அண்ணன்தான்! உங்ககிட்ட சொல்லலயா? டாரியஸ் கேட்டப்ப அண்ணன் டக்குனு சொன்னாங்களாம். எனக்கும் கேட்டதும் புடிச்சிருச்சு."

பிரிஜிட் காலண்டரை விட்டுத் திரும்பினாள். "நான்கூட ஒருதடவ உன்கிட்ட அந்தப் பேரச் சொல்லியிருக்கேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்ப. ஞாபகம் இருக்கா?"

செலினா தண்ணீர்க் கையோடு நெற்றியைச் சுருக்கினாள். பொய் இல்லாத முகம். "எப்ப அண்ணி? என்ன சொன்னீங்க?"

திருடியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். திருடுகிறவளுக்கு அது விலை உள்ளது என்றாவது தெரியும். இவளுக்கு நினைவே இல்லை.

"ஒண்ணுமில்ல. காதுல தண்ணி போகுது பாரு," என்றாள்.

செபாஸ்டியன் வீட்டு வாசலில் லோரிச் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பிரிஜிட் கேட்டைக்கூடச் சாத்தவில்லை.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"எத?"

"தெரியாத மாதிரி நிக்காதீங்க. அது என் பிள்ளையோட பேரு."

அவர் குழாயை மூடினார். டயரிலிருந்து சேறு வடிந்து கால்வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கும் பிள்ளதானே, பிரிஜிட்."

அவள் திரும்பிப் போய்க் கேட்டைச் சாத்தினாள்.

"டாரியஸ் கேட்டான், நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க மச்சான்னு. வாயில அதான் வந்துச்சு. வந்த பெறகு திரும்ப வாங்க முடியல." துண்டால் கையைத் துடைத்தார். "லோரில தனியாப் போறப்ப சொல்லிப் பாப்பேன். சிக்னல்ல நிக்கிறப்ப. என்னா பெலிக்ஸ், வெயிலு இப்படி அடிக்குதுன்னு. பதில் சொல்ல யாரு இருக்கா? அந்தப் பேரக் கூப்புட்டா ஒருத்தராச்சும் 'என்னா'ன்னு கேக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வந்ததென்னவோ பொறாமைதான். தான் வாயைத் திறந்து சொல்லவே பயந்த பெயரைக் கூட்டிக்கொண்டு இந்த மனிதர் இத்தனை வருடம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்! தனக்குத் தெரியாமல்!

"என்கிட்ட ஒருநாளும் சொல்லலயே நீங்க."

"நீ மட்டும் சொன்னியா?"

அந்த ராத்திரி இருவரும் சேர்ந்துதான் ஜெபமாலை சொன்னார்கள். அவள் பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றாள். அவர் எடுத்துக்கொடுத்தார். அதுகூட அவளுக்குக் கோபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். சட்டையில் பெயர் இல்லாததைச் செலினா கோயில் வாசலில்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். "நேரமில்ல, அப்புறம் தைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு பிரிஜிட் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வழக்கப்படி செலினா பின் பெஞ்சுக்குப் போனாள். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். போ, போய் உட்கார், இப்போது கொஞ்ச நேரம் உன்னிடம் ஒன்றும் இல்லை என்று பிரிஜிட் மனதுக்குள் சொன்னாள். ஆலயத்துக்குள் நின்றுகொண்டு நினைக்கிற நினைப்பா இது என்றும் பட்டது. ஆனாலும் நினைப்பு இனித்தது.

தொட்டியைச் சுற்றி நின்றார்கள். குழந்தை விழித்திருந்தது, அழவில்லை. ஃபாதர் பிரிஜிட்டைப் பார்த்துத் தயங்கி, பிறகு மெதுவாகக் கேட்டார். "குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

தெரேசா என்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டாரியஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் செபாஸ்டியன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, அடி விழப்போகிறவர்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் இல்லாத சட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெரேசா என்று சொன்னால் இந்தப் பெயர் மறுபடியும் பழைய இடத்துக்கே போகும். நான் வாயைத் திறக்காத வீட்டுக்கும், இவர் தனியாகப் பேசுகிற லோரிக்கும். இந்தப் பெயரைச் சொன்னாலோ, செலினா தினமும் அதைக் கூப்பிடுவாள். சாப்பிடக் கூப்பிடுவாள், திட்டக் கூப்பிடுவாள். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செலினா எத்தனை முறை கூப்பிட்டாலும், முதலில் கூப்பிட்டவள் அவளாக இருக்க முடியாது.

"பெலிக்ஸ்," என்றாள் பிரிஜிட்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பெஞ்சில் யாரோ, "ஆம்பளப் பேருல்ல?" என்று கிசுகிசுத்தார்கள். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, எழுத்தெழுத்தாக, இன்னும் சத்தமாகச் சொன்னாள். "பெ-லிக்ஸ்." செபாஸ்டியன் கையிலிருந்த மெழுகு அவர் விரலில் சொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீறிட்டது. சடங்கு முடியும்வரை பிரிஜிட் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. டாரியஸ் கை நீட்டினான், "இரு" என்றாள். வெளியே மரத்தடிக்கு வந்தபோதுதான், பசி தாங்காமல் அது அவள் சட்டையைச் சப்பத் தொடங்கியது. கொடுக்காமல் இருக்க முடியவில்லை. செலினா வாங்கி மார்போடு அணைத்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என் பெலி குட்டிக்குப் பசியா? பெலிம்மா..."

"பெலின்னு சுருக்காத," என்றாள் பிரிஜிட். "பெலிக்ஸ்னு முழுசாக் கூப்புடு."

"சின்னப் புள்ளதானே அண்ணி, செல்லமா..."

"செல்லமா நான் கூப்புட்டுக்கிறேன். நீ முழுசாக் கூப்புடு."

செலினா ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்து, "சரி அண்ணி. பெலிக்ஸ்," என்றாள்.

பிரிஜிட் அங்கிருந்து நகரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து பால் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க உள்ளே எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குடிச்சு முடிச்சதும் குடு," என்றாள். "சட்டையில பேரு தைக்கணும். பிள்ள எங்கூட இருந்தாத்தான் அளவு சரியா வரும்."